ஒராளுக்கு ஐஞ்சு டொக்டர்

ஆஸ்பத்திரியில ட்ரொலி தள்ளுறதில ஆளின்ர பாரம் ஒண்டுமில்லை, கிடந்துகொண்டு அவர் கேக்கிற கேள்விதான் இடுப்பை முறிக்கும். என்னோட சேந்து தள்ளித் தேய்ஞ்ச சீவன்களே, உங்களுக்கு விளங்கும்.

சுத்தி நிண்ட ஆக்கள்

சாம்பல்தீவு இராசதுரையண்ணை கடற்தொழில் செய்யிறவர். கால் வீங்கி, மூச்சு வாங்க வந்தவர். காலில உறைஞ்ச இரத்தக்கட்டி ஏறி நுரையீரலை அடைச்சுப்போட்டுது. நெஞ்சு, இருதயம், இரத்தம், ஸ்கான், மயக்க மருந்து எண்டு ஐஞ்சு டொக்டர்மார் கட்டிலைச் சுத்தி நிண்டிச்சினம். அவை அங்கால போனதும் மனுசன் என்ர கையைப் பிடிச்சார்.

"தம்பி, எங்கட ஊரில இத்தினை பேர் ஒராளைச் சுத்தி நிக்கிறது செத்த வீட்டிலதான்."

அசையாதேங்கோ, நடவுங்கோ

முதல் நாள் நேர்ஸ், "அசையாமக் கிடவுங்கோ" எண்டா. பிறகொரு நாள் பயிற்சி குடுக்கிற பிள்ளை வந்து, "எழும்பி நடவுங்கோ ஐயா" எண்டுது. கட்டி கொஞ்சம் அடங்கினாப் பிறகு நடக்கத்தான் வேணுமாம். அதை ஆர் மலரக்காவுக்குச் சொன்னது? அண்ணையின்ர மனுசி அவ. என்னை ஓரமாக் கூப்பிட்டா.

"இவை ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியோ?"

சேட்டு

அண்டைக்கே மனுசன் வயித்தில போடுற ஊசி ஏலாதெண்டு வீட்டை போகச் சேட்டை மாட்டிப்போட்டார். ஊசி நிண்டா இன்னொரு கட்டி ஏறும், ஆள் தப்பாது எண்டு நேர்ஸ் அழாக்குறை. "அறைக்குள்ள போய் என்னைப் பற்றி ஒளிச்சுக் கதைக்கினம்" எண்டார் அண்ணை. முதல் நாள் டொக்டர்மாருக்குத் தேத்தண்ணி குடுக்கப் போய் நான் கேட்ட கதைதானே, அப்பிடியே செய்து காட்டினன். இருதய டொக்டர் மூக்கால: "கட்டியை இப்பவே கரைப்பம்." இரத்த டொக்டரம்மா கண்ணாடியை ஏத்தி: "கரைக்கப் போய் இரத்தம் கசிஞ்சா? ஊசி மட்டும் காணும். அந்தாள் வீட்டை நடந்து போகவேணும்."

அண்ணை சேட்டுத் தெறியைக் கழட்டி வயித்தைக் காட்டினார்.

"எனக்காகவோ சண்டை பிடிச்சவை? அந்த அம்மாவை இன்னொருக்காச் செய், ஊசியைப் போடட்டும்."

தனிய வந்தவர்

வீட்டை போற நாள் நெஞ்சு டொக்டர் மட்டும் வந்து, சிரிச்சு, குளிசையை விடாமல் போடச் சொல்லிப்போட்டுப் போனார். அண்ணை வாசலையே பாத்தார்.

"ஒராள்தான் வந்தவர். மற்ற நாலு பேரும் என்னத்தையடா மறைக்கினம்?"

எங்கட வார்ட்டில வருத்தத்தைப் பாக்க ஐஞ்சு பேர் காணும், அந்த ஐஞ்சு பேரையும் நம்பப்பண்ணத்தான் ஆள் காணாது.