ரிப்பீட்டு அக்காவின் மாற்றல்

ஆண்கள் வார்டில் பத்தொன்பது வருடம் நின்றே தேய்ந்தவர் அந்த நர்ஸ். முழங்கால் இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு மாற்றல் கேட்டபோது மேட்ரன் ஒரு நிபந்தனை போட்டார். "உன் வழக்கத்தை மத்தவங்களுக்கும் பழக்கிட்டுப் போ. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

வழக்கம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்பார். டாக்டர் போனில் மருந்து சொன்னாலும் சரி, முந்தின ஷிஃப்ட்காரி வார்டை ஒப்படைத்தாலும் சரி. "காது கேக்கலையா சிஸ்டர்?" என்று எரிந்து விழாத டாக்டரே கிடையாது. கூட வேலை செய்பவர்கள் 'ரிப்பீட்டு அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

மூன்று வாரமாக, ஷிஃப்ட் மாறும் மதிய நேரத்தில், மருந்து அலமாரி பக்கத்தில் ஆறு பேரை நிறுத்திவைத்துச் சொல்லிப் பார்த்தார். ஒருத்தி போனை நோண்டினாள். ஒருத்தி வாய் மூடாமல் கொட்டாவி விட்டாள். ஒல்லிப் பெண் ஒருத்தி மட்டும் தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுகிற ரகம், அதை நம்ப முடியாது.

மேட்ரன் வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளாகப் பார்த்து இரண்டு பேர் லீவு. காலை முழுக்க ஒற்றை ஆளாக ஓடியவர், மேஜையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒல்லிப் பெண்ணிடம் வார்டை ஒப்படைத்தார்.

"அஞ்சாம் கட்டில், சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் பதினாலு யூனிட்."

"அஞ்சாம் கட்டில், இன்சுலின், பதினாலு. சரிதானேக்கா?"

"அதான் சொன்னேனே. காது கேக்கலையா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது, எத்தனை டாக்டர்களின் வாய் தன் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று. பெண்ணின் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் நகரவில்லை.

"இல்லக்கா... அஞ்சாம் கட்டில்காரருக்குச் சர்க்கரையே கிடையாதே."

சீட்டை எடுத்துப் பார்த்தார். இன்சுலின் மூன்றாம் கட்டிலுக்கு. அஞ்சாம் கட்டிலுக்குப் போட்டிருந்தால் அந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார்.

"நான் மூச்சு விடமாட்டேன்க்கா," என்றாள் அவள் மெதுவாக.

சிறிது நேரத்தில், மற்றவர்களும் மருந்து அலமாரி பக்கம் கூடியதும், மேட்ரன் மாற்றல் காகிதத்தோடு வந்து நின்றார். ரிப்பீட்டு அக்கா தயார் செய்துவைத்திருந்த எதையும் பேசவில்லை. எந்தக் கட்டிலை எந்தக் கட்டிலாகச் சொன்னார், கேட்டவள் மேல் எப்படிப் பாய்ந்தார், அவள் எப்படி விடாமல் நின்றாள் என்று நடந்ததை மட்டும் சொன்னார். போனை நோண்டுகிறவள் போனைப் பைக்குள் போட்டாள். கொட்டாவிக்காரி வாயை மூடிக்கொண்டாள். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டார்கள்.

மேட்ரன் கையெழுத்துப் போடாமலே காகிதத்தை நாலாக மடித்தார். "ஆறு மாசம் போகட்டும். பாக்கலாம்."

மாடிப்படி வரைக்கும் ஒல்லிப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"ஏன்க்கா சொன்னீங்க? நான்தான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னேனே!"

"நீ சொல்லமாட்டேன்னதாலதாம்மா சொன்னேன்," என்றார் அவர்.