பேட்ரிசியாவின் வாளி

மலேசியாவின் செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிய ஏசுதாசனுக்கு ரப்பர் ஆராய்ச்சியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தங்கை பேட்ரிசியா எங்கே இருக்கிறாள் என்ற தகவல்.

குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி அட்டைக்காரர்களுக்கு வேலை இல்லை என்றானதும் எழுபதில் அவள் பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினாள். கட்டிலை விட்டுப் போனவள் பால் வாளியை விடவில்லை. வாளிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் தோட்டத்தில் குடும்பத்துக்கொரு அடையாளம் உண்டு. இவர்களுடையது ஆணியால் தட்டிய மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு சிலுவை. கன்னியாகுமரி மலைப்பக்கம் ரப்பர் சீவுவதாக ஒரே ஒரு கடிதம் எழுதினாள். இவர் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன.

எழுபத்தாறில் இரு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து புது ரக ரப்பரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஒட்டுக் கட்டுவதற்கான குச்சிகள் இங்கிருந்து போகும். குச்சி வெட்டும் வேலை ஏசுதாசனுக்கு வந்தது.

"எந்த ஊருக்குப் போவுது கிராணியாரே?"

"கன்னியாகுமரிப் பக்கம்தான்லா," என்றார் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆர்தர்.

"தங்கச்சிய பத்தி ரெண்டு வரி கேட்டு எழுதுங்களேன்."

"ஆபீஸ் கடுதாசில வீட்டு விசயம் எழுத முடியாது அண்ணே."

அப்புறம் கேட்க வேண்டுமா? மனிதர் ஒவ்வொரு குச்சியிலும் உளி முனையால் மூன்று புள்ளி, ஒரு சிலுவை கீறிவிட்டார். பட்டையில் காயம் பட்டால் பூஞ்சை ஏறும் என்று பால்மரம் சீவுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பினாங்குத் துறைமுகப் பரிசோதனையில் கீறல்களைக் கண்டு கட்டு மொத்தத்தையும் கொளுத்தினார்கள். குச்சி வெட்டும் வேலையும் போயிற்று. அடுத்த வருடம் வேறொருவர் வெட்டிய குச்சிகள் கீறல் இல்லாமல் கடல் தாண்டின. ஏசுதாசன் பழைய நிரைக்கே திரும்பினார். வேலை போனதற்கு அவர் அழவில்லை. எரிந்த குச்சிகளுக்காக அழுதார்.

எண்பத்து நான்கில் கன்னியாகுமரித் தோட்டத்திலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஆர்தரே கூப்பிட்டுக் காட்டினார். கடல் தாண்டிய குச்சிகளில் வளர்ந்த மரங்கள். தூரத்தில் பெண்கள் நின்றார்கள். ஒரு முகமும் தெளிவில்லை. முன்மரத்தின் அடியில் ஒரு பழைய வாளி. அதன் ஓரத்தில் இரண்டு புள்ளிகள். மிச்சம் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

"துருவா இருக்கும்லா அண்ணே."

ஏசுதாசன் படத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். வெறும் வெள்ளைத் தாள்.

"வாளியக் கொஞ்சம் திருப்பி வச்சிருக்கக் கூடாதாம்மா," என்றார்.