மேட்டைப் பார்த்த கதவு

பெருந்துறை தொழிற்பேட்டையைத் தாண்டினால் என் நண்பரின் இரும்புப் பட்டறை. பட்டறைக்குப் பின்னால், இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் ஒரு வீடு நிற்கிறது. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலுக்கு ஓர் ஒதுக்கு. கூரைகூட முழுசாகப் போட்டிருக்கிறது. யாரும் குடியிருந்ததில்லை. எங்களுக்குள் அதற்கு மாதிரி வீடு என்று பெயர்.

காலையில் சேர்ந்து நடக்கிற கூட்டம் எங்களுடையது. நடப்பது கொஞ்சம், பேசுவது மிச்சம். அப்படிப் பேசிப் பேசித்தான் கடல் தாண்டி, இலங்கை மலைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிற வேலையில் மாட்டிக்கொண்டோம். அங்கே தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் லயம் என்ற நெடுநீளக் கொட்டகைகளில், தடுப்புத் தடுப்பாகக் குடியிருக்கிறார்கள். முன்பு பெய்த மாதிரி மழை இப்போது பெய்வதில்லை. பெய்தால் மலையையே சேர்த்து இறக்குகிறது. காற்றுக்கும் மண்சரிவுக்கும் தாங்குகிற மாதிரி இரும்புச் சட்டம் இங்கே செய்து அனுப்புவது, அங்கே கல் அஸ்திவாரம் போட்டு நிறுத்துவது என்று ஏற்பாடு. அனுப்புவதற்கு முன் ஒன்றை இங்கேயே நிறுத்தி உலுக்கிப் பார்த்தோம்.

நான் காலமெல்லாம் பம்புசெட்டு விற்றவன். கட்டடக் கலையில் எனக்குத் தெரிந்தது, சுவரில் முட்டிக்கொண்டால் வலிக்கும் என்பது மட்டும். ஆனாலும் இந்தத் தொண்டில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது. கூரையின் பலத்தைச் சோதிக்க மணல் மூட்டை அடுக்கினார்கள். மூட்டை தீர்ந்துபோனதும் பட்டறைக்காரர் என்னைத் தலை முதல் வயிறு வரை ஒருமுறை பார்த்தார். வயிற்றைத் தாண்டிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

"ஏனுங்க, நீங்க சித்த மேல ஏறி உக்காருங்க."

ஏறி உட்கார்ந்தேன். கீழே இருந்து டீ கொடுத்தார்கள். என் வாழ்நாளில் சும்மா உட்கார்ந்ததற்குப் பாராட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

பட்டறைக்காரரின் மருமகள் கட்டடப் பொறியாளர். வரைபடம் அவளுடையது. கூரையை, சட்டத்தை, எதையும் மாமனார் கேள்வி கேட்கவில்லை. வாசலுக்கு வந்தபோது மட்டும் நின்றுவிட்டார்.

"வாசல் தெக்க பாத்தா வருது?"

"ஆமாங்க மாமா. அங்க வடக்கால மலைங்க. தெக்கால பள்ளம். வாசல் பள்ளத்தைப் பாத்து இருந்தாத்தான் மண்ணு இறங்குனா வெளிய ஓட முடியும்."

"அம்மணி, நம்மூருல எவனாச்சும் தெக்க பாத்து நிலவு வெச்சிருக்கானா? எமன் தெசைக்கு வாசல் தொறந்து வெச்சுப்போட்டு, பால் காய்ச்சுங்கன்னு அங்க குடி வர்ற பொம்பளகிட்ட நான் எப்படிச் சொல்றது? வடக்க வைய்யி. குபேரன் வாசல்."

நிலவு என்று எங்கள் பக்கம் கதவுச் சட்டத்தைச் சொல்வோம். அதை வைக்க நாள் பார்த்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வீட்டிலே ஒரு ஆளாகவே ஆக்கிவிடுவோம். முன்னே பின்னே தெரியாதவர்களுக்குக் கட்டினாலும் எங்கள் கை இந்தப் பழக்கத்தை விடாது. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

கடைசியில், மலையில் முதலாவதாக எழும்பும் வீட்டுக்குக் குடிவரப்போகிற அம்மாவையே வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டோம். கொழுந்து பறிக்கிறவர். வீட்டுக்காரரும் இரண்டு பெண் பிள்ளைகளும் பின்னால் வந்து நின்றார்கள்.

"தெக்கு வாசல் வேணாம் அண்ணே. வடக்கயே வைங்க. மேல் லயத்துல இருந்து வர்ற பாதை அந்தப் பக்கந்தான் எறங்குது. எங்கூடக் கொழுந்து பறிக்கிற அக்கா ஒண்ணு தனியா இருக்கு அங்க. மழை புடிச்சா எங்க வீட்டுக்கு வந்துருன்னு சொல்லிவச்சிருக்கேன். வர்றவங்களுக்குக் கதவு நேரா கண்ணுல படணும்ல?"

பட்டறைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மருமகள் விட்டுக்கொடுக்கவில்லை. தெற்குச் சுவரில் சமையல் ஒதுக்கை ஒட்டி ஒரு சின்னக் கதவு வரைந்தாள்.

"இது வாசல் இல்லீங்க மாமா. பொடக்காளிக் கதவு. குப்பை கொட்டப் போறதுக்கு."

"அப்படீன்னா செரி கண்ணு."

குப்பை போகிற வழிக்கு எங்கள் சாஸ்திரத்தில் கெடுபிடி குறைவு.

அந்தக் குடும்பத்தின் வீடுதான் முதலில் எழுந்தது. அடுத்தது மேல் லயத்து அக்காவுக்கு. அந்தச் சட்டங்களுக்குச் சிவப்பு பிரைமர் அடித்து மாதிரி வீட்டின் பக்கத்தில் அடுக்கியிருந்தோம், கப்பலுக்குக் காத்து.

அப்போதுதான் வங்கக் கடலில் கிளம்பிய புயல் அந்தத் தீவின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. காலையில் அந்த அம்மா பேசினார். பின்னால் மழைச் சத்தம், அண்டாவில் தொடர்ந்து கல் கொட்டுகிற மாதிரி.

"வீடு அசையல அண்ணே. மேல இருக்கிறவங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன்."

அத்தோடு இணைப்பு போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். அந்தப் பக்கம் மணிகூட அடிக்கவில்லை.

எங்கே போவதென்று தெரியாமல் பட்டறைக்காரர், மருமகள், நான் என்று மூன்று பேரும் மாதிரி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தோம். அதே அறை, அதே சன்னல், அதே உயரத்தில் தாழ்ப்பாள். அங்கே நாலு பேர் எந்த மூலையில் ஒண்டியிருப்பார்கள் என்று பார்வை தானாகப் போய்ப் போய் நின்றது. வெளியே பெருந்துறை வெயில் பளீரென்று அடித்தது. வேப்பிலைகூட ஆடவில்லை.

பட்டறைக்காரர் ஒவ்வொரு தூணாகப் போய்த் தட்டிப் பார்த்தார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"வேணுமின்னா கூரை மேல ஏறி உக்காரட்டுங்களா? கொஞ்சம் பாரம் சேருமே."

"ஏனுங்க," என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே. "சித்த சும்மா இருங்க."

மருமகள் வடக்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. புயல் காற்று தள்ளினால் இன்னும் இறுகச் சாத்திக்கொள்ளட்டும் என்று அவளே அப்படி அமைத்தது. காற்றுக்கு அது சரி. எதிரே மண் வந்து குவிந்தால் உள்ளே இருந்து தள்ளித் திறக்க முடியாது.

மழை விட்டு, அங்கே செல்போன் கோபுரம் உயிர் பெற்று, அந்த அம்மாவின் குரல் வருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஒரு சுற்று இளைத்திருந்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"நிக்குது அண்ணே. வீடு நிக்குது. நாலு பேரும் இருக்கோம்."

பட்டறைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மண்ணு முன்கதவை மூடிருச்சு. தாழ்ப்பா வரைக்கும் ஏறிருச்சு. சின்னக் கதவு வழியாப் புள்ளைகளை வெளிய இழுத்தோம். அது இல்லேன்னா..."

மருமகள் மாமனாரின் தோளில் கை வைத்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குப்பைக் கதவுக்கு மாலை போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா மறுபடி பேசினார். குரல் தணிந்திருந்தது.

"பாப்பா இருக்காளா அண்ணே, படம் வரைஞ்ச பாப்பா? அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இருக்கேங்க்கா. சொல்லுங்க."

"மண்ணு வந்த பெறகு முன்கதவுல சத்தம் கேட்டுச்சு. தட்டுற மாதிரி. தட்டிச்சு, நின்னுச்சு, மறுபடி தட்டிச்சு. இவரு முட்டித் தள்ளுனாரு, தொறக்கல. சின்னக் கதவால போயிச் சுத்தி வர்றதுக்குள்ள அந்தப் பக்கம் முழுசா மண்ணு. ஆளு இல்ல. மேல் லயத்து அக்காவை இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. நீ படிச்ச புள்ள, சொல்லு. கல்லு வந்து மோதுனா, நின்னு நின்னு அப்படித் தட்டுமா?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தட்டுங்க்கா. கல்லுதான். மேல இருந்து ஒண்ணொண்ணா உருண்டு வரும், அப்படித்தான் கேக்கும்."

"கல்லுதானே?"

"கல்லுதாங்க்கா."

போனை வைத்த பிறகு அவள் எழுந்துபோய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

அக்காவைக் கண்டெடுத்தார்கள் என்று இன்றுவரை செய்தி வரவில்லை. அவருக்கென்று செய்த சட்டங்கள் வேறொரு குடும்பத்துக்குப் போயின. கப்பலுக்கு ஏற்றுவதற்கு முன் பட்டறைக்காரர் சாக்கட்டியோடு வந்து, தரையில் விரித்த வரைபடத்தில் வடக்கு வாசலை அடித்து, தெற்கே பெரிதாக ஒரு கோடு போட்டார். குபேரனைப் பற்றியும் பேசவில்லை, எமனைப் பற்றியும் பேசவில்லை. எமன் எந்தத் திசையில் வருவான் என்று அவருக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாதிரி வீடு மட்டும் வடக்கு வாசலோடு அப்படியே நிற்கிறது. மாற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதில் சாக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். சரக்கு லாரி போகும்போது தரை அதிர்ந்து கதவு லேசாகத் தட்டும். தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். பட்டறைக்காரர் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வந்து அதைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். காற்று சாத்தும். மறுபடி வருவார். போன மாதம் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார்.

நேற்று போயிருந்தேன். அவர் ஈரோட்டுக்குப் போயிருந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சாக்கு மேல் உட்கார்ந்து டீ குடித்தேன். பாரத்துக்கு நான் போதும் என்று எனக்கே சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அப்போது கதவு தட்டியது. ரோட்டில் லாரி எதுவும் போன மாதிரி இல்லை. போயிருக்கும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவை முழுக்கத் தள்ளி, ஒரு கல்லை முட்டுக் கொடுத்தேன். வெளியே வெயில்தான் நின்றது.

"தொறந்துதானுங்க இருக்குது," என்றேன். "வாங்க."