இடது கை முதலில்

இடது கையைத்தான் மரீல்டா முதலில் கேட்பாள். விரல்களை வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் ஊறப்போட்டு, நகத்தோரத்துச் சதையைக் குச்சியால் ஒதுக்கி, சின்னக் குறட்டால் நறுக்கி எடுப்பாள். பிறகு சிவப்பு பாலிஷைச் சதையிலும் வழிய வழியப் பூசி, பஞ்சு சுற்றிய குச்சியை அசிட்டோனில் தொட்டு ஓரமெல்லாம் துடைத்துவிடுவாள். ஐந்து நகமும் பழுத்த மிளகாய் மாதிரிப் பளபளக்கும். அப்போதுதான் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தடித்த நோட்டு வெளியே வரும். அதை வாடிக்கைக்காரியின் மடியில் விரித்து, வலது கையில் பேனாவைத் திணிப்பாள்.

“எழுதுங்க, டோனா ஜுரேமா. அந்தச் சோளக் கேக்கு. எழுதி முடிச்சதும் வலது கை.”

டோனா ஜுரேமா மருந்துக்கடைக்காரரின் மனைவி. ஆற்றங்கரைத் தெருவில் மரியாதைக்கு ‘டோனா’ சேர்க்காமல் அவளைக் கூப்பிடவோ, அதட்டிப் பேசவோ ஆள் கிடையாது. அன்று சாயங்காலம் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு கை சிவப்பும் ஒரு கை வெறுமையுமாக எவள் கோயிலுக்குள் நுழைவாள்? முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். ‘ஒரு கப் சர்க்கரை’ என்று வந்ததும் மரீல்டா எட்டிப் பார்த்து, எந்தக் கப், கைப்பிடி உடைந்ததா பூப்போட்டதா என்று கேட்டாள். அதையும் எழுத வைத்தாள். இது அப்பட்டமான மிரட்டல் என்றாள் ஜுரேமா. ஆமாம் என்றாள் மரீல்டா.

மரீல்டாவுக்கு ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கனத்த தோள், சைக்கிள் மிதித்து மிதித்து உருண்ட கெண்டைக்கால். வீடு வீடாகப் போய் நகம் செய்வதுதான் பிழைப்பு. பாலிஷ் புட்டிகளைச் சுமக்கும் தகரப் பெட்டி, குழாய் வேலைக்காரனாக இருந்த கணவன் விட்டுப்போனது. அசிட்டோனை மீறி இன்னும் கிரீஸ் வாசனை அடிக்கும். தன் நகங்களை மட்டும் ஒட்ட வெட்டி வைத்திருப்பாள். பாலிஷ் பட்டதே இல்லை. யாராவது அவசரப்பட்டு ஈர நகத்தை ஊதினால் சுள்ளென்று கோபம் வரும். “வாய்க்காத்து பட்டா மங்கிரும். சும்மா இருங்க, பாலிஷுக்குக் காயத் தெரியும்.” அவள் வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் வருகிற விஷயம் ஒன்று உண்டு: டிவி எதற்காகப் பீரோவுக்கு மேலே, கூரையை முட்டிக்கொண்டு, துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது? அதைச் சொல்வதென்றால் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா செபாஸ்தியானா ஊர்த்துணி வெளுத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் சமையலறையில் ஒரு நோட்டு இருந்தது. காப்பி குடிக்க வந்து எதையாவது ருசித்துச் சாப்பிட்டவர்கள், தங்கள் வீட்டுப் பலகாரம் ஒன்றின் பக்குவத்தை அதில் எழுதாமல் வாசல் தாண்ட முடியாது. படிக்கத் தெரியாதவள் எப்படிச் சமைத்தாள் என்று கேட்காதீர்கள். எழுத்தின் உருவத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தால் ஜுரேமாவின் சோளக் கேக். வேலிக்கம்பு நட்ட மாதிரி இருந்தால் பாதிரியார் வீட்டுச் சமையல்காரியின் பால் இனிப்பு. ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டால், அன்று அவள் அடுப்படியில் நின்று பேசிய பேச்சும், பேச்சோடு பக்குவமும் வந்துவிடும். அடுத்த வேலை அடுப்பைப் பற்றவைப்பதுதான்.

அம்மா போன பிறகு நோட்டு இளையவள் மரீல்டாவிடம் வந்தது. ஒரு ஜனவரி மழையில் ஆறும் வந்தது. மதியத்துக்குள் முழங்கால் தண்ணீர். மரீல்டா பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, தவணை கட்டிக்கொண்டிருந்த புது டிவியைத் தூக்கிப் பீரோ மேல் வைத்தாள். நோட்டு சமையலறையில் கீழ் இழுப்பறையில் இருந்தது. அது நினைவுக்கு வந்தபோது தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. வடிந்த பிறகு தாள்களைப் பிரித்து, அம்மா துணி காயப்போட்ட அதே கொடியில், கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். மை கரைந்து எல்லாத் தாள்களும் வெளிறிய நீலமாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை.

மூத்தவள் ஓடெட்டி மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி வந்து கொடியைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பீரோவுக்கு மேலே பார்த்தாள்.

“டிவி தப்பிச்சிருச்சு போல” என்றாள். அவ்வளவுதான். திரும்பிப் போனவள் அதன் பிறகு தங்கை முகத்தில் விழிக்கவில்லை.

மரீல்டா அந்த டிவியைக் கீழே இறக்கவில்லை, போடவும் இல்லை. அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடியான நோட்டாகப் பார்த்து வாங்கினாள். யார் யார் எழுதினார்களோ அவர்களே, அவரவர் கையாலேயே, திரும்ப எழுத வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள். இடது கை முதலில் என்ற சட்டம் அப்படித்தான் பிறந்தது.

பள்ளிக்கூட டீச்சர் செலீனா நல்ல மனசுக்காரி. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, அழகாக அச்சுப் போட்டுத் தருகிறேன் என்றாள். ஊரே போனில் அனுப்பிவிடுமே, இதற்காகவா சைக்கிளில் அலைகிறாய் என்றும் கேட்டாள். மரீல்டா நகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாம் ஒரே மாதிரி எழுத்தா இருந்தா அம்மாவுக்கு எது யாருதுன்னு எப்படித் தெரியும்?”

“உங்க அம்மாதான் போயிட்டாங்களே, மரீல்டா.”

“அதனால?”

செலீனா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

எழுதியவர் இறந்துபோயிருந்தால், அதை அதிகம் சாப்பிட்டவர் எழுத வேண்டும். இது மரீல்டாவின் இரண்டாவது சட்டம். இதில் சிக்கியவர் கறிக்கடை அபீலியோ. மனைவி ஜசீராவின் பரங்கிக்காய் இனிப்பை ஒரு ஆளாகத் தின்று தீர்த்தவர். ஆம்பிளைக்கு எதுக்கம்மா நகமெல்லாம் என்று கறிக்கத்தியோடு பின்வாங்கியவரை, கடை ஸ்டூலிலேயே உட்கார வைத்துக் கிண்ணத்தில் கையை அமுக்கினாள். அவர் எழுதியது இது: ‘ஞாயிற்றுக்கிழமை வெட்டுவாள். கிளறும்போது என்னைப் பேசவிடமாட்டாள். வாசனை கேட் வரைக்கும் வந்தால் இறக்கிவிடலாம்.’ சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும், நான் தின்னவன் என்றார். அதையும் எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டு வெகுநேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரே ஆள் அனுப்பி நகம் வெட்டக் கூப்பிடுகிறார். கேட்டால் சுத்தத்துக்காக என்கிறார்.

இப்படி நோட்டு நிரம்பிக்கொண்டே வந்தது. முதல் பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அது அம்மாவுடைய பக்கம். புளித்த மரவள்ளி மாவைக் கொதிக்கும் பன்றிக்கொழுப்பு ஊற்றிப் பிசைந்து, முட்டை உடைத்துச் சேர்த்து, ஓட்டை போட்ட துணியில் வைத்து ஜாங்கிரி பிழிகிற மாதிரி வளையம் வளையமாகப் பிழிந்து சுடுகிற பிஸ்கட். வாயில் போட்டால் இருந்த இடம் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல அதை எழுதியவள், அந்த வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன ஓடெட்டி. மரீல்டாவும் எத்தனையோ தடவை சுட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு தடவை கல், ஒரு தடவை ரப்பர். செலீனாவைத் தூது அனுப்பிப் பார்த்தாள். “டிவிகிட்டக் கேக்கச் சொல்லு” என்று பதில் வந்தது. மரீல்டா மறுபடி தூது அனுப்பவில்லை. ஆனால் பக்கத்தை வேறு எதற்கும் தரவில்லை.

குளிர்காலத்தில் ஓடெட்டிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, வலது கை திரும்பவில்லை. இனி விட்டுவிடு என்றது தெரு. போனில் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள் என்றாள் செலீனா. மரீல்டா அன்று மதியம் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேட்டுத் தெரு ஏறினாள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளும்போது, அக்கா கதவைச் சாத்திவிடுவாளோ என்ற நினைப்பும் கூடவே ஏறியது.

கதவைத் திறந்தவள் ஓடெட்டியின் மகள். விலகி வழிவிட்டாள். ஓடெட்டி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மடியில் ஒரு துண்டு. துண்டுக்கடியில் வலது கை. தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

“டிவி எப்படி இருக்கு?”

“பீரோ மேலயே இருக்கு. அதுக்கப்புறம் போடவே இல்ல, அக்கா.”

“பைத்தியக்காரி” என்றாள் ஓடெட்டி. அந்த ஒரு சொல்லுக்கு மரீல்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் மகளிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். கை செத்துப்போச்சு, மரீல்டா. நான் சொல்றேன், நீ எழுதிக்க.”

வருஷக்கணக்காகக் காத்திருந்தது தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி வந்தது. வேறு யாராக இருந்தாலும் பேனாவை எடுத்திருப்பார்கள்.

“வேண்டாம். உன் கையால எழுது.”

“எந்தக் கையால?”

மரீல்டா கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்த சட்டம் ஓடெட்டிக்கும் தெரியும்; தன்னையறியாமல் இடது கையை நீட்டினாள். மரீல்டா அதைத் திருப்பிவிட்டாள். துண்டை விலக்கி, மடங்கிக் கிடந்த வலது கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்தித் தண்ணீரில் விட்டாள். நாற்காலியின் அகலக் கைப்பிடியில் நோட்டின் முதல் பக்கத்தை விரித்து, அக்காவின் இடது கையில் பேனாவை வைத்தாள்.

“கோணல்மாணலா வரும்டி.”

“வரட்டும். அம்மாவுக்கு அடையாளம் தெரியும்.”

ஓடெட்டி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போனது. இரண்டாவது அதன் மேலேயே ஏறிக்கொண்டது. நிறுத்தவில்லை. மரீல்டா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நகத்தோரம் நறுக்கினாள், சிவப்பைப் பூசினாள், பஞ்சுக் குச்சியால் ஓரம் துடைத்தாள். அவள் அவ்வளவு மெதுவாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. அப்படியும் ஐந்து விரலும் முடிந்துவிட்டது. ஓடெட்டி அப்போதுதான் மாவைத் தாண்டிக் கொழுப்புக்கு வந்திருந்தாள். பேனா நின்றது. இவள் முடித்துவிட்டாளா என்று பார்க்க அக்காவின் தலை நிமிரப் போனது.

மரீல்டா சட்டென்று பஞ்சை அசிட்டோனில் நனைத்து, குறையே இல்லாத சுண்டுவிரல் சிவப்பைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து பூசத் தொடங்கினாள்.