பேர் ஒட்டாத பேட்டரி

“வாசல் ஒண்ணு, ப்ளக் ஒண்ணு. ரெண்டும் ஒரே மூலையில. சார்ஜ்ல இருக்கிற பேட்டரி தீப்பிடிச்சா நாங்க எந்த வழியா வெளிய ஓடுறது?”

மாடிப்படியில் நின்ற அக்கம்பக்கத்தாரிடம் ஊசியக்கா இப்படிக் கேட்டார். இதை எழுதுகிறவனும் அவர்களில் ஒருவன்.

வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பது அவர் வேலை. அதற்கு மின்சார ஸ்கூட்டர்தான் கை, கால் எல்லாம். அதன் பேட்டரி ஒரு காலையில் உயிரை விட்டது. வீடோ மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கழற்றிக் கொண்டுவந்த பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதும், கணவரும் மகளும் தூங்குவதும் அதற்குள்தான்.

மெக்கானிக் நீலத் தாள் சுற்றிய ஒரு பேட்டரியைப் பாதி விலைக்கு நீட்டினார்.

“எத்தனை வண்டில இதைப் போட்டிருக்கேன் தெரியுமா அக்கா?”

“எத்தனை வண்டி திரும்பி வந்துச்சு? அதைச் சொல்லு தம்பி.”

அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். செய்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை, எண் இல்லை.

“சூடு ஏறினா தானா நிறுத்துற போர்டு உள்ள இருக்கா?”

“இருக்கும்க்கா.”

“சார்ஜர்?”

“பழையதே போதும். நீங்க என்ன இஞ்சினியரா, இவ்வளவு நோண்டுறீங்க?”

“ரத்தம் எடுக்கிறவப்பா. பேர் ஒட்டாத குழாய்னா, எடுத்த ரத்தத்தையே கொட்டிட்டு மறுபடியும் குத்துவேன். பேர் ஒட்டாத பேட்டரியை மட்டும் தலைமாட்டுல வெச்சுக்கணுமா?”

வீட்டில் கணவர் முணுமுணுத்தார். “எல்லாரும் அதைத்தானே வாங்குறாங்க?”

“எல்லாரும் நம்ம வீட்டுலயா தூங்குறாங்க?”

இரண்டு வாரம் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். “நீ வந்து சேர்றதுக்குள்ள ரத்தம் உறைஞ்சுடும்போல” என்று ஆய்வக மேலாளர் குத்தினார். “உறையாம இருக்க மருந்து குழாய்லயே இருக்கு சார். வேற ஏதாவது சொல்லுங்க” என்றார் அக்கா.

பன்னிரண்டு கடை ஏறி இறங்கிய பிறகு ஒன்று கிடைத்தது. எளிதில் தீப்பிடிக்காத இரும்பு பாஸ்பேட் வகை. பேட்டரியிலும் சோதனைத் தாளிலும் உத்தரவாத அட்டையிலும் ஒரே எண். அதற்கென்றே ஒரு சார்ஜர். சின்னதை எடுத்தால் கைக்கு எட்டும் விலை.

“பாதி தூரம்தான் ஓடும்மா” என்றார் கடைக்காரர்.

“நானும் பாதியில வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவேன். அதுவும் சாப்பிடட்டும்.”

அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, வாசலுக்கு எதிர்ச் சுவரில் புது ப்ளக் போடச் சொன்னார். சத்தம் கேட்டு, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார்.

“யாரைக் கேட்டு என் செவுத்துல கை வெச்சே? ஓட்டை கீட்டை போடக் கூடாது!”

“போட்டாச்சு அண்ணே. பூசுறதுன்னா நாளைக்கு வாங்க. இப்ப பேட்டரி சார்ஜ்ல இருக்கு, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.”

வீட்டுக்காரர் வாசலைப் பார்த்தார், எதிர்ச் சுவரில் இருந்த ப்ளக்கைப் பார்த்தார், வந்த வழியே இறங்கிப் போனார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது வீட்டுக்குள் வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறார்களா? இன்றைக்கே அவர்களிடம் ஊசியக்கா கதையைச் சொல்லிவிடுங்கள்.