பதிமூன்றாம் தேதித் திருநாள்

அச்சகத்தில் எல்லோரும் அவளைப் புரூஃப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு வயது. ஜன்னலோர மேஜை, மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் மர ஸ்கேல். கல்யாணப் பத்திரிகையானாலும் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டரானாலும் அவள் கண் படாமல் மெஷினுக்குப் போகாது.

ஊரின் திருநாட்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எது என்றைக்கு வரும், எதற்கு முன்தினம் நோன்பு, எது சிவப்பு மையில் வரவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவள் வீட்டில்தான் எதுவும் கிடையாது. பதினோரு வருடத்துக்கு முன், பெரிய திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் கணவன் போய்ச் சேர்ந்தான். வாங்கி வைத்திருந்த புதுத்துணி அலமாரியிலேயே தங்கிவிட்டது. முதல் இரண்டு வருடம் நாத்தனார் வந்து, "எங்க வீட்டுக்கு வாங்க அண்ணி" என்று மல்லுக்கட்டினாள். இவள் அசையவில்லை. பிறகு கூப்பிடுவதும் நின்றது. திருநாளன்று ஊரே புதுத்துணி உடுத்தும்போது இவள் வீட்டுக் கம்பளிகளையெல்லாம் எடுத்துப்போட்டுத் துவைப்பாள்.

அந்த வருடக் காலண்டரில் ஒரு பிழை நேர்ந்தது. பெரிய திருநாள் பதினான்காம் தேதி. அதற்கு முதல் நாள் நோன்பு, பகல் முழுக்கத் தண்ணீர் மட்டும். ஆனால் சிவப்பு மை பதிமூன்றில் ஏறிவிட்டது. 'திருநாள்' என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தவள், அந்தச் சொல்லுக்கு மேலிருந்த எண்ணைப் பார்க்கத் தவறிவிட்டாள். கண்டுபிடித்தபோது பாதி காலண்டர் விற்றுப்போயிருந்தது. அவசரமாகத் திருத்தச் சீட்டு அடித்துக் கடைகளுக்கு அனுப்பினார்கள்.

முதலாளி அலட்டிக்கொள்ளவில்லை. "விடுங்கம்மா. காலண்டரப் பாத்தா திருநாள் கொண்டாடறாங்க? பக்கத்து வீட்டுல வாசனை வந்தாலே தெரிஞ்சிடும்."

திருநாள் முடிந்து பத்து நாள் கழித்து அச்சகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பென்சில் எழுத்து. 'நானும் என் வீட்டுக்காரரும் ரயில்வே கேட்டில் குடியிருக்கிறோம். பக்கத்து வீடு கிடையாது. உங்கள் காலண்டரை நம்பி நோன்பு நாளில் விருந்து சாப்பிட்டுவிட்டோம். அடுத்த வருடம் நம்பலாமா என்று மட்டும் எழுதவும்.'

அக்கா நான்கு முறை பதில் எழுதி நான்கையும் கிழித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கேட் ஒரு பொட்டல்வெளியில் இருந்தது. தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறை வீடு. வாசலில் கட்டிய கயிற்றில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் துவைத்துக் காயப்போட்டிருந்தன. ஐம்பதைத் தாண்டிய கேட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"காலண்டர் ஆபீஸ்லேருந்து வரேன். தப்பு பண்ணது நான்தான்" என்றாள் அக்கா. பஸ்ஸில் வரும்போது தயார் செய்த மற்ற வாக்கியங்களெல்லாம் மறந்துபோயிருந்தன.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கேட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? முதல்ல உக்காருங்க. நடந்ததக் கேளுங்க" என்று அவர் மனைவி மணையைத் துடைத்துப் போட்டாள்.

பதிமூன்றாம் தேதி அவள் விடியற்காலையிலேயே எழுந்து கோழி அடித்து, இனிப்புக் கிண்டி, வீடு முழுக்கக் கழுவி விட்டிருக்கிறாள். மதியம் சிக்னல் கோளாறில் ஒரு சரக்கு ரயில் கேட்டுக்கு எதிரேயே நின்றுவிட்டது. இஞ்சின் டிரைவரும் கார்டும் இறங்கி வந்து தண்ணீர் கேட்டார்கள்.

"திருநாளும் அதுவுமா வெறும் தண்ணியா குடுப்பேன்? உக்கார வச்சு இலை போட்டுட்டேன். அவங்களுக்கும் தேதி தெரியல. நாலு நாளா வண்டியிலயே கெடந்திருக்காங்க. டிரைவர் தம்பி சாப்பிட்டுட்டுக் கண்ணத் துடைச்சுக்கிச்சு. வீட்டு ஞாபகம் வந்திடுச்சாம்."

"மறுநாள்தான் கூத்து" என்று கேட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலைல கேட்ட மூடினா, வண்டிங்க வரிசை கட்டி நிக்குது. குழந்தைங்க எல்லாம் புதுத்துணி. ஒருத்தர் கார்லேருந்து கையாட்டி, திருநாள் வாழ்த்துன்னாரு. அது நேத்தே முடிஞ்சிடுச்சேன்னேன். நேத்து நோன்பாச்சேண்ணேங்கிறாரு! உடனே இவளக் கூப்பிட்டுச் சொன்னேன்."

"முந்தாநாள் இருந்த நோன்பு கணக்குல சேராது, விட்டத இன்னிக்கு இருந்துதான் ஆகணும்னு சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"ஊரே விருந்து சாப்பிடற நாள்ல நாங்க பட்டினி. ஒவ்வொரு கார்லயும் இனிப்ப நீட்டறாங்க. வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு வாங்கி வாங்கிப் பாக்கெட்டுல போட்டேன். சாயங்காலம் ரெண்டு பாக்கெட்டும் பிசுபிசுன்னு ஒரே எறும்பு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "ஆனா அந்த ரெண்டு பேரோட நோன்பையும் சேத்துக் கெடுத்துட்டேனே" என்றாள்.

"நானும் அப்படித்தான் மருகிக்கிட்டிருந்தேன். அந்தக் கவலைலதான் உங்களுக்குக் கடுதாசி போட்டேன். நேத்து அந்தத் தம்பி இந்தப் பக்கமா வண்டி ஓட்டிட்டுப் போச்சு. இஞ்சின்லேருந்தே கத்துச்சு. 'அக்கா, மறுநாள் பூரா நடுக்காட்டுல நின்னோம், உங்க வீட்டுல சாப்பிட்டதுதான் எங்களுக்குத் திருநாள்'னு. அப்பறம்தான் மனசு ஆறுச்சு." கேட்காரர் மனைவி தட்டில் சோற்றைப் போட்டு அக்கா முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க. ஆமா, நீங்க எந்த நாள் கொண்டாடினீங்க? பதிமூணா, பதினாலா?"

"நான் கொண்டாடறதில்ல. அவர் போனதுலேருந்து பதினோரு வருசமா இல்ல."

கேட்காரர் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அப்ப எங்களவிட மோசம். நாங்க ஒரு நாள்தான் தப்பு பண்ணோம்."

"என்ன பேச்சு பேசறீங்க!" என்று மனைவி அவரை அதட்டினாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருடமாக எல்லோரும் தன்னிடம் குரலைத் தாழ்த்தியே பேசிவந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பசியோடு சாப்பிட்டாள். மறுசோறும் கேட்டாள்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்காரர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த திருநாளுக்கு வந்துடுங்க. இவருக்கு லீவு கிடையாது, நாங்க எங்கயும் நகர முடியாது. ஆள் வந்தாத்தான் எங்களுக்குத் திருநாள்."

அந்த வாரமே அக்கா நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாத்தனார் கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "ஏன் அண்ணி இளைச்சிட்டீங்க?" என்று கேட்டு உள்ளே அழைத்துக்கொண்டாள்.

மறு வருடக் காலண்டரின் அந்த மாதத்தை அக்கா தானும் பார்த்து, முதலாளியையும் பார்க்கச் சொல்லி, மெஷின்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "போதும்மா, தாள் தேஞ்சிடப் போகுது" என்றார் முதலாளி.

நோன்பு நாளன்று பகல் முழுக்கத் தண்ணீரோடு இருந்தாள். பழக்கம் விட்டுப்போனதில் மத்தியானமே தலை கிறுகிறுத்தது. நோன்பன்று கணவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்ப்பான். அது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு இம்முறை அவளை முடக்கிப் போடவில்லை.

திருநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள், அவளும் நாத்தனாரும். மடியில் சோற்றுப் பாத்திரம், காலடியில் இனிப்பு டப்பா. கேட் மூடியிருந்ததால் பஸ் நூறடி முன்னாலேயே நின்றுவிட்டது. இருவரும் இறங்கி நடந்தார்கள். கேட்காரர் பச்சைக்கொடியை நீட்டிக்கொண்டு நின்றதால் கையாட்ட முடியவில்லை. வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், வந்துட்டாங்க! ரெண்டு பேரு! உலைல இன்னும் ஒரு பிடி போடு!"