முக்கால் அங்குலம்

கழற்ற வேண்டிய போல்ட்டோடு சிவரூபினி முதலில் கொஞ்ச நேரம் கதைப்பாள். "என்ன பிள்ளை, இவ்வளவு காலமும் இதுக்குள்ளயே இருந்திட்டாய். இனி வெளியில வா" என்று சொல்லிக்கொண்டே துரு இளக்கும் எண்ணெயை அதன் தலையில் விடுவாள். பிறகு பத்து நிமிடம் அந்தப் பக்கமே திரும்பமாட்டாள். இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீயைக் குடித்து முடித்துவிட்டு வந்து ஸ்பானரைக் கொழுவி, எடுத்த எடுப்பில் கழற்றாமல், இறுக்குகிற பக்கமாக ஒரு நூலளவு தள்ளுவாள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். "அவ்வளவுதான். இப்ப வருவா." கழன்று வந்தவையெல்லாம் முட்டை அட்டைக் குழிகளில் போய் உட்காரும். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் பேனையால் ஒரு தமிழ் எழுத்து. அந்த வரிசை அவளுக்கு மட்டுமே விளங்கும்.

லண்டனின் தெற்கே, நோர்பரியில் ரயில் பாதைக்குப் பின்னால், டயர்க் கடையைத் தாண்டினால் வருகிற முற்றத்தில் அவளுடைய கராஜ் இருக்கிறது. பலகையில் 'சிவா எக்ஸோஸ்ற்' என்று மட்டுமே எழுதியிருக்கும். "சிவா அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டு வருபவர்களை அவளுக்குப் பிடிக்கும். "அண்ணை இல்லை, அக்காதான் நிக்கிறா. உங்கட கார் என்ன சத்தம் போடுது? வாயால போட்டுக் காட்டுங்கோ" என்பாள். கோட்டும் டையுமாக வந்த கனவான்கள் முற்றத்தில் நின்று 'டர்ர்ர்' என்றும் 'புஸ்ஸ்' என்றும் கத்திக் காட்டியிருக்கிறார்கள். பாதிச் சத்தத்திலேயே எந்தப் புகைக்குழாயில் ஓட்டை என்று சொல்லிவிடுவாள்.

வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வயதில் அகதியாக வந்து, விண்ணப்பத்துக்குக் குரோய்டன் குடிவரவுக் கட்டடத்திலிருந்து பதில் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆங்கில வகுப்பில் சேரப் போனாள். அது நிரம்பிவிட்டது. பக்கத்து அறையில் வெல்டிங் வகுப்பில் இடம் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தவள்தான். ஒன்பது வருடம் பஸ் டிப்போவில் வேலை, பிறகு இந்தக் கராஜ். கூரை தாழ்வானதால் கார் தூக்கும் இயந்திரம் வைக்க முடியவில்லை. தரையில் நாலு இரும்புத் தாங்கிகளில் காரை ஏற்றிவிட்டுச் சக்கரப் பலகையில் மல்லாந்து கீழே போவாள். எதைத் தூக்கினாலும் ஜாக்கை மட்டும் நம்பமாட்டாள். பக்கத்தில் ஒரு மரக்கட்டையும் வைப்பாள். ஜாக்கின் நீண்ட கைபிடியில் யாரும் இடறாதபடி செம்மஞ்சள் துணி ஒன்று கட்டியிருக்கும்.

ஒக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த முற்றத்துக்குள் 1967ஆம் ஆண்டு மஸ்டாங் ஒன்று மெல்ல மெல்ல உருண்டு வந்தது. கருநீலம். ஸ்டியரிங் இடப்பக்கம். ஓட்டி வந்தவர் சதாசிவம், மலேசியாவிலிருந்து படிக்க வந்து, சுரங்க ரயிலில் சிக்னல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தொரு வயது. மோர்டனில் மகள் வான்மதியோடு இருக்கிறார். பின் இருக்கையில் பிரிக்காத பெட்டி ஒன்று. மூன்று வருடமாகக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாராம்.

"ஹெடர்மா. அமெரிக்காவிலேருந்து வரவழைச்சது. நீதான் மாட்டணும்."

அந்த என்ஜினின் இரண்டு பக்கமும் கனத்த வார்ப்பிரும்புத் துண்டு ஒவ்வொன்று இருக்கும். நாலு வாயால் வருகிற புகையையும் அது ஒரே இடுக்கில் தள்ளும். ஹெடர் என்பது அதற்குப் பதிலாகப் பூட்டுகிற குழாய்க் கொத்து. ஒவ்வொரு வாய்க்கும் தனிக் குழாய் இறங்கி, நாலும் கீழே ஒன்றாகச் சேரும். புகை தடையில்லாமல் போகும், சத்தம் ஆழமாகும். சதாசிவத்துக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

சிவரூபினி காரைச் சுற்றி வந்தாள். முன்பக்க மட்காட்டில் புதிதாக ஒரு பச்சைக் கீறல் இருந்தது.

"இது என்ன ஐயா?"

"சும்மாலா. பார்க்கிங்ல யாரோ உரசிட்டுப் போயிட்டான்."

அவள் துணியால் தேய்த்தாள். பச்சை துணியோடு வந்தது. பிறகு பானெட்டைத் தூக்கினாள்.

அன்று பழைய இரும்புகள் இரண்டும் கழன்றன. பதினாறு போல்ட்டில் ஒன்றும் உடையவில்லை. புதன்கிழமை பத்து மணிக்குள் வலப்பக்க ஹெடர் பூட்டியாயிற்று. பஸ்ஸில் வந்திருந்த சதாசிவம் ஸ்டூலில் உட்கார்ந்து ஓயாமல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். இடப்பக்கம்தான் சிக்கல். அங்கே ஸ்டியரிங் பெட்டி இருப்பதால் குழாய்க் கொத்து மேலாலும் போகாது, கீழாலும் போகாது. என்ஜினைத் தாங்கியிருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்து, அடியில் பலகை வைத்து, ஜாக்கால் இரண்டு அங்குலம் என்ஜினையே தூக்கவேண்டும். அந்த இரண்டு அங்குல இடைவெளிக்குள் கொத்தைக் கீழிருந்து நுழைத்து, திருப்பி, மேலே ஏற்றவேண்டும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அவள் கீழே கிடந்தாள். கையுறை போட்ட வலது கை முழங்கைவரை என்ஜினுக்கும் காரின் சட்டத்துக்கும் நடுவில் போயிருந்தது. விரல் நுனியால் காஸ்கெட் என்கிற அடைப்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் குழாய்க் கொத்தை ஏந்தியிருந்தாள்.

"ஐயா, அந்த லைற்றைக் கொஞ்சம் பிடியுங்கோ. இஞ்சால... இல்லை, இடப்பக்கம். இன்னும் இடப்பக்கம்."

வெளிச்சம் எங்கோ சக்கரத்தில் அலைந்தது.

"சரி விடுங்கோ. மேசையில பதின்மூன்று நம்பர் ஸ்பானர் இருக்கு. எடுத்துத் தாங்கோ."

அவர் நடந்து போகும் காலடி கேட்டது. மேசையில் எதையோ தட்டித் தடவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வரும் காலடி. பிறகு 'டங்' என்று ஒரு இடி. செம்மஞ்சள் துணி கட்டிய கைபிடியில் அவருடைய கால் மோதி, கைபிடி ஜாக்கை இறக்குகிற பக்கமாகத் திரும்பியது. ஜாக் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் வந்தது. இருநூறு கிலோவுக்கு மேலான இரும்பு இறங்கத் தொடங்கியது.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு நேரமில்லை. கையை இழுத்தாள். குழாய் கையுறையைக் கவ்விக்கொண்டது. விரல்களைச் சுருக்கி, தோல் உரிய உரிய மறுபடி இழுத்தாள். கை வெறுங்கையாக வெளியே வந்தது. முக்கால் அங்குலம் இறங்கிய என்ஜின் மரக்கட்டையில் 'மடக்' என்று உட்கார்ந்து நின்றது.

"என்னம்மா? என்ன விழுந்துச்சு?"

"அசையாதேங்கோ. நிண்ட இடத்திலயே நில்லுங்கோ."

அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பலகையை உருட்டிக்கொண்டு வெளியே வந்து, ஜாக்கைப் பூட்டினாள். சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவில் கையுறை தொங்கியது. அதன் நாலு விரலும் தட்டையாகியிருந்தன. அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எல்லாம் மடங்கின.

சதாசிவம் ஸ்பானரை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். அது பதினேழு நம்பர் ஸ்பானர்.

அவள் அதை வாங்கவில்லை.

"ஐயா, முற்றத்தில ஒரு வெள்ளை வான் நிக்குது. அதின்ர நம்பரை வாசியுங்கோ."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். இருபது அடிகூட இருக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தடங்கலில்லாமல் சொன்னார்: "எல் கே பதினேழு, ஓ வி டபிள்யூ. போதுமா? என் மக மாதிரியே பரீட்சை வைக்கிறியே."

சிவரூபினி வாசலை எட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது பக்கத்துத் தரையோட்டுக் கடை ஸ்ரீனிவாஸின் வான் இலக்கம். தினமும் அவளுடைய வாசலை மறிக்கிற வான். நேற்று முழுவதும் அங்கேதான் நின்றது. இன்று ஒரு மணிக்கு அது சாமான் இறக்கப் போய்விட்டது. இப்போது நிற்பது ஜன்னல் பூட்டுகிறவர்களின் வான். அதுவும் வெள்ளை.

"அது நேற்று நிண்ட வான், ஐயா. நேற்றே கிட்டப் போய்ப் பாத்துப் பாடமாக்கி வச்சிருக்கிறியள்."

அவர் ஸ்பானரை மெல்லக் கீழே இறக்கினார். ஸ்டூல் எங்கே என்று கையால் தேடி உட்கார்ந்தார்.

"வான்மதி எங்க போனாலும் நம்பர் வாசிக்கச் சொல்லுவா. அதான், வண்டிங்கள முதல்லயே பாத்து வச்சிக்கிறது."

"கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுல சுத்தமா இல்ல. மத்ததுல பனிமூட்டத்துக்குள்ள பாக்கற மாதிரி."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை?"

"ஓட்டக்கூடாதுன்னாங்க."

"எப்ப?"

"மார்ச்ல."

ஏழு மாதம். அவள் மட்காட்டைப் பார்த்தாள். அந்தப் பச்சை, நடைபாதையில் வைக்கிற கவுன்சில் குப்பைத் தொட்டியின் பச்சை. தொட்டி நிற்கிற இடத்தில்தான் சனமும் நடக்கும். மிட்சம் வழியாக, ட்ராம் பாதையைக் கடந்து, இந்த மனிதர் பனிமூட்டத்துக்குள் இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றரைக்கு அந்தத் தெருவால்தான் அவளுடைய மகள் மிதுஷா பள்ளிக்கூடப் பையோடு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, எதையும் கவனிக்காமல் நடந்து வருவாள்.

வேலையை இப்படியே விட்டுவிட்டால் கார் எங்கும் போகாது என்று ஒரு கணம் நினைத்தாள். என்ஜின் பாதி தூக்கிய நிலையில், ஒரு பக்கம் குழாயில்லாமல், மாதக்கணக்கில் நிற்கட்டும்.

"வேலைய நிறுத்திடுவியாம்மா?" அவர் அதைக் கேட்ட விதத்தில் கெஞ்சல் இருந்தது.

"வேலை வேற, திறப்பு வேற" என்றாள் சிவரூபினி. மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். "நீங்க அந்த ஸ்டூலை விட்டு எழும்பக்கூடாது. நான் வெளியில வாறவரைக்கும் எழும்பக்கூடாது."

என்ஜினை மறுபடி தூக்கி, இன்னொரு கட்டையும் வைத்துவிட்டுக் கீழே போனாள். இந்த முறை போல்ட்டோடு கதைக்கவில்லை. காஸ்கெட் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை கொத்து திரும்பி, ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தது. எட்டுப் போல்ட்டையும் விரலாலேயே திருகி ஏற்றினாள். ஸ்பானர் பிறகுதான். என்ஜினை இறக்கியபோது குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவில் கார்ட்போர்ட் துண்டு ஒன்றை நுழைத்துப் பார்த்தாள். தட்டாமல் போய்வந்தது. பிறேக் குழாயைச் சூடு படாத தூரத்துக்கு வளைத்துக் கட்டினாள். பிறகு அது ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தாள்.

ஸ்டார்ட் செய்தபோது மேசையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் அதிர்ந்தன. முதலில் ஓர் இருமல், பிறகு தரைக்குக் கீழிருந்து வருவது போன்ற கனத்த, ஒழுங்கான உறுமல். டயர்க் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சதாசிவம் சொல்லைக் காப்பாற்றினார். ஸ்டூலிலேயே இருந்தார். வாய் மட்டும் லேசாகத் திறந்திருந்தது.

அவள் ஒவ்வொரு மூட்டின் அருகிலும் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். எங்கும் காற்று கசியவில்லை. என்ஜினை நிறுத்தினாள். அவர் எழுந்து கையை நீட்டினார்.

"சாவி குடும்மா. வீடு வரைக்கும்தான். பத்து மைல் வேகத்துக்கு மேல போகமாட்டேன்."

"பத்து மைலெண்டாலும் ஆள் நிக்கிறது தெரிஞ்சால்தானே பிறேக் பிடிப்பியள்."

"இது என் காரு."

"ஓம். உங்கட கார்தான்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கோ. அவையும் அந்த வான் நம்பரை வாசிக்கத்தான் சொல்லுவினம்."

அவர் முகம் சிவந்தது. அவருடைய கண்கள் அவளுடைய முகத்தைத் தேடி, காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றன. அவள் உரிந்த கையை எடுத்து அவருடைய கைக்குள் வைத்தாள். "தடவிப் பாருங்கோ. கட்டை இல்லாட்டி இந்தக் கை இப்ப இல்லை. எனக்கு உங்களில கோவமில்லை. பயமாயிருக்கு."

அவர் விரல் அந்த ஈரத்தில் பட்டதும் பின்வாங்கியது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் கையில் துணி சுற்றி, மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, காரைத் தாங்கிகளிலிருந்து இறக்கி முற்றத்துக்கு எடுத்து, கதவை இழுத்துப் பூட்டினாள். அவரை வீட்டில் விட அவளே ஓட்டுவாள்; வாடிக்கையாளர் காரை ஓட்ட அவளுடைய கராஜ் காப்புறுதி இடம் கொடுக்கும். அவர் பழக்கத்தில் இடப்பக்கக் கதவுக்குப் போனார். அவள் அங்கே நின்றாள்.

"மற்றப் பக்கம் ஏறுங்கோ, ஐயா."

அவர் வலப்பக்கம் உட்கார்ந்தார். லண்டனின் மற்றெந்தக் காரிலும் ஓட்டுபவர் இருக்கும் இடம். அவருக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. லண்டன் ரோட்டுக்கு வருமுன்னரே உள்ள பாதசாரிக் கடவையில் அவள் மெல்ல நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினே?"

"பிள்ளையள் கடக்கினம்."

"எத்தன பேரு?"

"ஆறு பேர். ஒண்டு மெத்தச் சின்னன், மற்றதின்ர பையைப் பிடிச்சுக்கொண்டு போகுது."

அவர் கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பிள்ளை மறுபக்கம் ஏறிய பிறகும் அப்படியே இருந்தார்.

"வான்மதிகிட்ட நானே சொல்லிடறேன். இன்னைக்கே."

பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. சிவரூபினி அதைப் பொருட்படுத்தாமல் அவர் பக்கம் எட்டிக் குனிந்து, துணி சுற்றிய கையால் அவருடைய ஜன்னல் கைபிடியைப் பிடித்து, கண்ணாடி முழுவதும் கீழே இறங்கி என்ஜினின் அந்த உறுமல் உள்ளே வரும்வரை சுற்றினாள்.